போர்டு அக்கா சொன்ன சேதிகள்

போர்டு அக்கா தானாக யாரையும் போனில் கூப்பிட மாட்டார். முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவர். எந்த ஊர் எண்ணைக் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வார். ஆனால் சொந்தக் காரியத்துக்கென்று அவர் ஒருவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகளே சொல்லிவிட்டாளாம்: "நீ கூப்பிடாதம்மா. நானே தினமும் கூப்பிடறேன்." தம்பி மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் போனிலேயே சொந்தக்காரர்களை அழைத்து முடித்தார்கள். அக்கா மட்டும் தன் பங்குக்கு வந்த வீடுகளுக்கு பஸ் ஏறிப் போய்ச் சொன்னார்.

காரணம் இதுதான். எங்கள் கம்பெனி வேலை நடக்கிற இடத்தில் யாராவது இறந்துபோனால், அந்த வீட்டுக்குப் போனில் சேதி சொல்வது அவர். அது அவருடைய வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு யாரும் செய்ய முன்வராததால் அவர் தலையில் விழுந்துவிட்டது. நாளாக நாளாக, போனில் அந்த நிதானமான குரலைக் கேட்டாலே தெரிந்தவர்கள், யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார்கள். வாசலில் நின்று பேசினால் ஒன்றும் ஆகாது. போன் வழியாக வந்தால்தான்.

கம்பெனி என்று நான் சொல்வது, திருச்செங்கோட்டில் ஒரே ஒரு போர்வெல் ரிக் வண்டியோடு ஆரம்பித்து, இன்று பல மாநிலங்களிலும் கடலுக்கு அப்பாலும் பாலமும் புகைபோக்கியும் மெட்ரோ தூணும் கட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை. ஆரம்பித்தவரை நாங்கள் பெரிய முதலாளி என்போம். மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம். கிணறு வற்றிய ஒரு கோடையில் விவசாயத்தை விட்டுவிட்டு ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பினார். கிணறு போட்ட ஊர்களில் தண்ணீர்த் தொட்டி கட்டித் தரச் சொன்னார்கள், கட்டினார். தொட்டி கட்டியவரைப் பாலம் கட்டச் சொன்னார்கள். அப்படியே வளர்ந்தது. அக்கா வேலைக்கு வந்தபோது ஆபீஸ் என்பது ஒரு லாரிப் பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். போர்டில் கம்பியைச் செருகி லைன் கொடுக்கிற காலம். அதனால் அந்தப் பெயர். பிறகு கட்டடம் மாறியது, போர்டு மாறியது, கடைசியில் போர்டே இல்லாமல் போனது. பெயர் மட்டும் மாறவில்லை.

அவர் சேதி சொல்கிற முறை எப்போதும் ஒன்றுதான். பேசுவது யார், அந்த ஆளுக்கு என்ன உறவு என்று முதலில் கேட்பார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். தான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வார். பிறகு ஒரே வாக்கியம்: ஆளின் பெயர், இன்ன ஊரில், இன்ன வேலையில், "இறந்துட்டாருங்க." அடிபட்டிருக்கிறது, சீரியஸாக இருக்கிறார், கிளம்பி வாருங்கள் என்பதெல்லாம் கிடையாது. 'தவறிட்டார்' என்றுகூடச் சொல்ல மாட்டார். ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு, "எங்கிருந்து தவறினாரு, எந்திரிச்சுட்டாரா?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டாளாம். சொன்ன பிறகு மறுமுனையில் வைக்கும்வரை இவர் போனை வைக்க மாட்டார்.

இதை நான் தெரிந்துகொண்டது நாமக்கல் பக்கம் ஒரு மேம்பாலத்தில். நான் சிவில் என்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். காலையில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது, பலகைகளைத் தாங்கியிருந்த முட்டு ஒன்று நழுவி, ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்தது. கீழே கம்பி வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் மேல் எல்லாம் விழுந்தது. இருபத்து மூன்று வயது. வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை. அந்த முட்டுகளை முந்தின நாள் சாயங்காலம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

சைட் ஆபீஸிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவங்க அப்பா பள்ளிபாளையத்துல தறி ஓட்டறாருங்க. சீரியஸ்னு மட்டும் சொல்லிருங்க. இங்க வந்தப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"ஆளு இருக்காரா, இல்லையா சாமி?"

"இல்லீங்க்கா."

"அப்ப இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"அக்கா, வழியில அவருக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

"நீங்க லைன்ல இருங்க" என்றார். "நான் சொல்றதைக் கேட்டுக்கங்க. அங்க வந்தா அவரு மூஞ்சியப் பாக்கறவரு நீங்கதான்."

தறிப்பட்டறையின் போனுக்கு அடித்தார். முதலில் கேட்டது தறிச்சத்தம்தான். பத்துப் பதினைந்து தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தத்தில் மனிதக் குரலே எழும்பவில்லை. பட்டறைக்காரர் எடுத்தார், ஆளைக் கூப்பிட்டார். அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பிறகு சொன்னார். மறுமுனையில், "கேக்கலீங்க" என்று கத்தினார் அந்த அப்பா. அக்கா அதே வாக்கியத்தை, அதே அளவான குரலில், மறுபடி சொன்னார். "கேக்கலீங்க" என்றார் அவர் மறுபடியும். மூன்றாவது முறை சொன்னபோது அங்கே யாரோ ஒரு தறியை நிறுத்தினார்கள். பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக நின்றன. எல்லாம் நின்ற பிறகு, "சரிங்க" என்று ஒரு குரல் வந்தது. அது முதலில் பேசிய ஆளின் குரல் மாதிரியே இல்லை.

மதியம் அவர் வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகனைக் கையில் ஏந்தி வண்டியில் வைத்தார். யாரையும் தொட விடவில்லை. கிளம்பும்போது என்னிடம், "போன்ல பேசினது யாருங்க?" என்றார். எங்கள் ஆபீஸ் அக்கா என்றேன்.

"நேராச் சொல்லிட்டாங்க. வழியெல்லாம் அழுது முடிச்சிட்டேன். இல்லீன்னா என்ற பையனைத் தூக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காதுங்க."

விசாரணை நடந்தது. முட்டு பழசு என்று எழுதினார்கள். என் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த மாதம் ஹெட் ஆபீஸ் போனபோது சைட் ரிப்போர்ட்டைப் பார்த்திருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தத் தறிக்காரருகிட்ட முட்டு விசயத்தைச் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் தலையைத் திருப்பி அடுத்த போனை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆபீஸில் அவருக்கு எதிரிகள் இருந்தார்கள். நிர்வாக அதிகாரி ஒருவர், வீட்டுக்காரர்கள் தெரிந்துகொண்டு வந்தால் சைட்டில் கூட்டம் கூடுகிறது, வேலை நிற்கிறது, முதலில் ஆஸ்பத்திரி என்று சொன்னால் என்ன என்று குதித்தார். விஷயம் பெரிய முதலாளி வரை போனது. அவர் அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைய விட்ருங்க. ஒருக்கா நாஞ் சொல்லி அது பொய் சொல்லுச்சு. அந்த ஒன்னு போதும்" என்றாராம். அது என்ன பொய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து அக்காவே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கம்பெனிக்குப் பொன்விழா வந்தது. பெரிய முதலாளி போய்ச் சேர்ந்து, மகன் பொறுப்பில் இருந்தார். அவரைச் சின்ன முதலாளி என்போம். ஐம்பது வருட வரலாற்றைத் தமிழில் ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்லூரியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் என்று யாரோ சொல்லிவிட்டதால் வேலை என்னிடம் வந்தது. ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்ல உயிரோடு இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் அக்கா ஒருவர். ஓய்வுபெற்று, கணவரும் இறந்து, திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் தனியாக இருந்தார்.

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். முதல் தொட்டி, முதல் பாலம், முதல் புகைபோக்கி, முதல் வெளிமாநில வேலை. ஒவ்வொன்றையும் வாசித்து, "அப்ப என்ன நடந்துச்சுங்க்கா?" என்று கேட்டேன்.

"நீங்க வருசம் போட்டு எழுதறீங்க. எனக்கு வருசமெல்லாம் தெரியாது சாமி" என்றார். "ஓடைப் பாலம்னா எனக்கு ஆட்டுக்குட்டி கத்தறதுதான். அந்தப் புள்ள ஆட்டுக்குட்டியக் கையில புடிச்சிக்கிட்டே வந்து போன் எடுத்திருக்கும் போல. புகைபோக்கின்னா குக்கர் விசில். நாஞ் சொல்லி முடிச்சப்பறம் அது பாட்டுக்கு அடிக்குது. ஏழு விசில். ஒருத்தரும் போய் அடுப்பை அணைக்கலை. வடக்க மொதல் வேலைன்னா பள்ளிக்கோடத்து மணி. வாத்தியாரு ரூம்ல போன். அந்தம்மா அங்க சத்துணவுல வேலை செஞ்சிட்டிருந்தாங்க."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சத்தம் இருந்தது. சில கட்டடங்களுக்கு இரண்டு மூன்று இருந்தன. எந்தச் சத்தமும் இல்லாத கட்டடங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் நினைவில்லை. அவற்றை நாங்கள் கட்டினோம் என்பதே சிலவற்றில் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"முதல் தண்ணித் தொட்டி?" என்றேன்.

அவர் என் பட்டியலை வாங்கி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்.

முதல் தொட்டி கட்டும்போது சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார். காலை வேலை ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே. விழுந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கம்பெனிக்கு அதுதான் முதல் சாவு. அவர் கெங்கவல்லிக்காரர். ஊரில் மனைவியும் ஒரு கைக்குழந்தையும். அவர்கள் தெருவில் ஒரு டீக்கடையில் போன் இருந்தது. பெரிய முதலாளி அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, "அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரில சேர்த்திருக்குதுன்னு சொல்லு கண்ணு. ஆபீசுக்கு வரச் சொல்லு. இங்க வந்தப்புறம் பொம்பளையாளுகளக் கூட வச்சுச் சொல்லிக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல் கொஞ்சம். சொன்னபடி சொன்னார். டீக்கடை ரேடியோவில் விவசாயச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பேசறாருங்களா?" அக்கா, "பேசறாருங்க" என்றார். அதை முதலாளி சொல்லித் தரவில்லை.

அந்தப் பெண் மூன்று பஸ் மாறி மதியத்துக்கு மேல் வந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் வயர் கூடை. கூடையில் பிளாஸ்க், ரொட்டிப் பாக்கெட், பிரிக்காத புது லுங்கி. நேராகப் போர்டுக்கு வந்து, "நீங்கதானே போன்ல பேசினது? எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். முதலாளி அவளை உள்ளே அழைத்துப் போனார். கதவு சாத்தியிருந்தும் அவள் சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டதாம். வெளியே வந்தபோது அக்காவை ஒரு முறை பார்த்தாள்.

"அன்னைக்குச் சத்தியம் பண்ணுனேன் சாமி. இனி எவளையும் அந்த மாதிரி ரொட்டி வாங்கிட்டு வர உடக்கூடாதுன்னு."

நான் வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதினேன். ஐம்பது வருடத்தில் இறந்தவர்கள் பெயர்கள், ஊர்கள், எந்த வேலையில் என்பது. எனக்குத் தெரிந்தவை மட்டும். அந்த மேம்பாலத்தையும் எழுதினேன். சின்ன முதலாளியிடம் காட்டுவதற்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

புத்தகத்துக்கான படங்களில் ஒன்று பாக்கியிருந்தது. ஆத்தூருக்கு அந்தப் பக்கம் நாங்கள் போடுகிற சாலை. அதைப் படம் எடுக்க என் காரில் போகப்போவதாகப் பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னேன்.

"கெங்கவல்லிப் பக்கமா போவீங்க?"

"போலாங்க்கா. ஏன்?"

"நானும் வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு வழியெல்லாம் ரோட்டோரம் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பழைய டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கடைக்காரர் முன்பு டீக்கடை வைத்திருந்தவரின் மகன்தான். விவரம் சொன்னதும் தெரு முனை வரை வந்து வீட்டைக் காட்டினார். ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய சின்ன மாடி வீடு. வாசலில் ஒரு அம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார். அக்காவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம்.

"ஏனுங்க, நாங்க திருச்செங்கோட்ல இருந்து வாரமுங்க" என்றார் அக்கா.

அந்த அம்மாளின் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்தார். "நீங்க அந்தப் போன்ல பேசுன அம்மா" என்றார்.

ஆபீஸிலும் ஒரு நிமிடம் பார்த்திருக்கிறார்கள்தான். ஆனால் அவர் அடையாளம் கண்டது போனில் கேட்ட குரலை.

அக்கா அவருக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொன்னேனுங்க. உங்க ஊட்டுக்காரரு காத்தாலயே இறந்துட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடிபட்டிருக்குன்னு சொன்னேன். பேசறாருன்னும் சொன்னேன். அதை உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் வந்தனுங்க."

"அதான் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சே" என்றார் அந்த அம்மாள். மறுபடி கதிரை உரிக்க ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"ஒரு வருசம் உங்கள வையாத நாள் கெடையாது. மண்ண வாரித் தூத்திருக்கேன். பொய்யி சொல்றேன்னு நெனைக்காதீங்க."

"வையுங்க" என்றார் அக்கா.

"அப்புறம் என்னான்னா..." அவர் கதிரைக் கீழே வைத்தார். "அவருக்கும் எனக்கும் அப்ப பேச்சே சரியில்ல. வேலைக்குப் போறப்ப சண்டை போட்டுட்டுத்தான் போனாரு. வர்றேன்னுகூடச் சொல்லல. நீங்க போன்ல சொன்னதும் பஸ் ஏறிட்டேன். கால்தான் ஒடஞ்சிருக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். ஒடஞ்சா ஒடையட்டும், இனிமே எங்கயும் அனுப்பறதில்ல, வூட்டோட வச்சிக்கிட்டு நான் கூலிக்குப் போயிக் கஞ்சி ஊத்தறேன்னு. ஆத்தூர்ல எறங்கி ரொட்டி வாங்கினேன். சேலத்துல லுங்கி எடுத்தேன். நீலக் கட்டம். அவருக்கு அதுதான் புடிக்கும். சேலத்துல இருந்து திருச்செங்கோடு வர்ற வரைக்கும் மனசுக்குள்ள அவரோட பேசிக்கிட்டே வந்தேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவ்ளோ பேசுனதில்ல அவருகிட்ட. அவரும் பதில் சொன்னாரு. கோவமே இல்ல."

அக்கா சாக்கில் சிதறிக் கிடந்த சோளத்தை ஒன்றாகக் கூட்டினார்.

"நீங்க அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா அந்தச் சண்டையோடயே போயிருப்பாரு எனக்கு. அந்த அஞ்சாறு மணி நேரம் எம்புருசன் என்கூட நல்லா இருந்தாரும்மா. நீங்கதான் குடுத்தீங்க."

மன்னித்தேன் என்றோ நன்றி என்றோ அவர் சொல்லவில்லை. உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டிராக்டர் ஓட்டப் போயிருக்கும் மகனைப் பற்றிச் சொன்னார். கிளம்பும்போது ஒரு பை நிறையச் சோளக்கதிர் போட்டுக் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார்.

ஆத்தூர் தாண்டும்வரை அக்கா சோளப் பையை மடியிலேயே வைத்திருந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "மனப்பாரம் இறங்கிருச்சுங்களாக்கா?"

"எத்தனை பேருக்கு சாமி, நான் அந்த அஞ்சாறு மணி நேரத்த இல்லாமப் பண்ணிட்டேன்?"

தறி ஓட்டிய அந்த அப்பாவைச் சொன்னேன். வழியெல்லாம் அழுது முடித்ததால்தான் மகனைத் தூக்கத் தெம்பு இருந்தது என்று அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"அவரு ஒருத்தரு" என்றார் அக்கா. "மத்தவங்களை நான் கேக்கவே இல்லையே."

பொன்விழா நடந்தது, புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். அக்காவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, "நல்லா வந்திருக்குதுங்க" என்றார். மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்த சில வாரங்களில் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், போர்டு அக்கா பழைய ஆளுக ஊட்டுக்கெல்லாம் போன் பண்றாங்களாமே? அன்னைக்கு நான் சேதி சொன்னது நல்லதா கெட்டதான்னு கேக்கறாங்களாம். ஒருத்தரு நம்ம ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஆறிப்போனதை எதுக்குக் கிளர்றீங்கன்னு சத்தம் போட்டுட்டாரு. நீங்க சொன்னா கேப்பாங்க. பக்குவமா நிறுத்தச் சொல்லிருங்க."

போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார். மனதில் இருந்த பழைய எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாராம். எல்லாமே உபயோகத்தில் இல்லை. அதன் பிறகு அந்தந்த ஊர்க் கடைக்காரர், பஞ்சாயத்து ஆபீஸ் என்று விசாரித்து, வீட்டுக்காரர்களின் புது எண்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். யாரையும் கூப்பிடாமல் வாழ்ந்தவர் ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க்கா சொல்றாங்க?"

"ஒருத்தரும் ஒரே மாதிரி சொல்லலை சாமி. ஒரு புள்ள, நீங்க நேராச் சொன்னதுதான் செரின்னுச்சு. ஒருத்தரு கெட்ட வார்த்தை சொல்லி வச்சுட்டாரு. இன்னொருத்தரு ஊட்ல, அன்னைல இருந்து போன் அடிச்சாலே அவங்கம்மா எந்திரிச்சு வெளிய போயிருவாங்களாம். இன்னைக்கும் போன் அடிச்சா வாசல்ல போய் நின்னுக்கறாங்களாம்." மடியிலிருந்த போனைப் பார்த்தார். "அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு என்னை நேராகப் பார்த்து, "கம்பெனில சொல்லி அனுப்பினாங்களா?" என்றார்.

"இல்லீங்க்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆபீஸுக்குத் திரும்பிச் சின்ன முதலாளியிடம், "சொல்லிட்டேனுங்க, நிறுத்திட்டாங்க" என்றேன். அவர் நம்பினார்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. மகள் கோயமுத்தூரிலிருந்து வந்து, யார் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல், அம்மாவின் செல்போனில் கடைசியாகப் பேசிய எண்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். யார் என்ன உறவு என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை எடுக்கிறபோது, எங்களில் யாருக்கும் தெரியாத ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மகள் ஒவ்வொருவரிடமும், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். ஒரு பெண், "எங்க அண்ணனுக்கு இவிய போன் பண்ணுனாங்க" என்றாள். மகளுக்குப் புரியவில்லை. நான் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் உள்ளே வராமல் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. நான் போய், "உள்ள வாங்க" என்றேன்.

"பரவால்லீங்க."

"எந்த ஊருங்க?"

"ராசிபுரம் பக்கமுங்க. என்ற தம்பி உங்க கம்பெனிலதான்..." நிறுத்திக்கொண்டார். "போன்ல சேதி வந்துச்சு. நெசந்தானான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அக்காவை ஏற்றிய வண்டி நகர்ந்தது. அவரும் கூடவே நாலு எட்டு நடந்தார். பிறகு நின்றார். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தார். அதற்கப்புறம் குடையை விரித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு இருக்கிற பக்கமாக நடக்க ஆரம்பித்தார். மழை விட்டிருந்தது.